பெயரற்ற காப்பியும் பெயர்பெற்ற ஊரும்: கைத்தானியாவின் வரலாறு

2015ஆம் ஆண்டு கொலம்பியாவில் நடைபெற்ற 'கப் ஆஃப் எக்ஸலன்ஸ்' காப்பித் தரப்போட்டியில் முதலிடம் பெற்றது, தொலிமா மாகாணத்தின் தென்கோடியில் உள்ள கைத்தானியா என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஒரு பெண் விவசாயியின் காப்பி. அப்போட்டியில் நடுவர்கள் சுவைத்துப் பார்க்கும்போது கோப்பையின் முன் குறியீட்டு எண் மட்டுமே இருக்கும். எவருடைய தோட்டம், எந்த ஊர் என்பது அவர்களுக்குத் தெரியாது. மதிப்பெண்கள் முடிவான பின்னரே பெயர் வெளிப்படும். அவ்வாறு வெளிப்பட்ட ஊர்ப்பெயர் அயல்நாட்டுக் காப்பி வணிகர் பலருக்குப் புதிதாக இருந்திருக்கலாம். கொலம்பிய அரசியல் வரலாற்றைப் படித்தவர்களுக்கோ அது மிகவும் பழகிய பெயர். காப்பியோடு சேர்த்துக் கேட்டிராத பெயர்.

உயர்தரக் காப்பியைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் பரிசில் தொடங்குகின்றன. அறியப்படாத ஒரு மலையூர், உழைப்பாளியான ஒரு குடும்பம், குருட்டுச் சுவையாய்வு, ஏலத்தில் வியப்பூட்டும் விலை என்ற வரிசையில் கதை செல்லும். அதில் பொய்யில்லை. ஆயினும், பரிசுக்கு முன்பு அந்தக் காப்பி எங்கே போயிற்று, ஏன் அதற்குப் பெயரில்லாமல் இருந்தது, பெயரின்மையால் விவசாயி இழந்தது என்ன, பெற்றது என்ன என்னும் வினாக்கள் அவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. கைத்தானியாவின் வரலாறு இவ்வினாக்களைத் தவிர்க்கவிடாத வரலாறு.

கைத்தானியா, பிளனாதாஸ் நகராட்சிக்கு உட்பட்டது. கொலம்பியாவின் நடு மலைத்தொடரில், 5,300 மீட்டருக்கும் மேல் உயர்ந்த நெவாதோ தெல் உய்லா எரிமலையின் சரிவுகளை ஒட்டி, ஆத்தா ஆற்றின் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரசு இங்கே ஒரு வேளாண் தண்டனைக் குடியிருப்பை நிறுவியது. கைதிகளைக் கொண்டு காட்டைத் திருத்திப் பயிரிடச் செய்வது அதன் நோக்கம். அப்போது இவ்விடம் 'தெற்கு ஆத்தா குடியிருப்பு' என்றே வழங்கிற்று. பின்னர், 1948 ஏப்ரல் 9 அன்று பொகொத்தாவில் சுட்டுக் கொல்லப்பட்ட லிபரல் கட்சித் தலைவர் ஹோர்கே எலியேசெர் கைத்தானின் நினைவாக இன்றைய பெயரைப் பெற்றது. ஆக, ஊரின் முதற்பெயர் சிறைத்துறை இட்டது. இரண்டாம் பெயர் ஒரு படுகொலையின் நினைவு.

இம்மலைப்பகுதியில் காப்பி என்பது வெறும் பணப்பயிராக மட்டும் இருக்கவில்லை. 1920களிலும் 1930களிலும் தொலிமா, குந்தினமார்க்கா பகுதிகளின் பெருந்தோட்டங்களில் குத்தகைக் குடிகள் காப்பி நடுவதை நிலவுடைமையாளர் பலர் தடைசெய்திருந்தனர். மக்காச்சோளமோ மரவள்ளியோ நடலாம், காப்பி கூடாது. காரணம் எளியது. காப்பிச்செடி பல்லாண்டு நிற்பது. குடியானவரை வெளியேற்றினால், அவர் நட்டு வளர்த்த செடிக்கு ஈடு கொடுக்க வேண்டும். ஈடு கோரும் உரிமை நாளடைவில் நிலத்தைக் கோரும் உரிமையாக வளரும். எனவே தடையை மீறிக் காப்பி நடுவதே ஒரு போராட்ட வடிவமாயிற்று. 1936ஆம் ஆண்டின் 200ஆம் எண் நிலச்சட்டம் இத்தகைய பூசல்களின் விளைவாக வந்தது. சட்டம் எட்டாத இடங்களிலிருந்து நிலமற்றோர் மேலும் உயரமான மலைகளை நோக்கிக் குடிபெயர்ந்தனர். தென்தொலிமாவின் சிறுதோட்டங்கள் பலவற்றுக்கு இக்குடிபெயர்வே மூலம்.

கைத்தான் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மூண்ட உள்நாட்டுக் கலவரம், 'வன்முறை' என்று பொருள்படும் 'லா வியொலென்சியா' என்ற பெயராலேயே வரலாற்றில் அறியப்படுகிறது. பத்தாண்டுகளில் இறந்தோர் ஏறத்தாழ 2 லட்சம் என மதிப்பிடப்படுகிறது. தொலிமா மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாகாணங்களுள் ஒன்று. தென்தொலிமாவில் கன்சர்வேடிவ் அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்தியோர் விரைவிலேயே இரண்டாகப் பிரிந்தனர். லிபரல் கட்சிக்கு உண்மையாக இருந்தவர்கள் தங்களைத் தூயோர் என்னும் பொருளில் 'லிம்பியோஸ்' என்று அழைத்துக்கொண்டனர். கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்தவர்கள் 'கொமூனெஸ்', அதாவது பொதுவர், எனப்பட்டனர். அரை நூற்றாண்டுக்குப் பின் அதே மலைகளில் 'லிம்பியா' என்னும் அடைமொழி காப்பிக் கோப்பைக்கு உரியதாயிற்று. குற்றம் எதுவும் நாவில் தட்டாத காப்பியைச் சுவையாய்வாளர் 'தாஸா லிம்பியா', தூய கோப்பை, என்பர். சொல் மாறவில்லை, அது எதைப் பிரித்தறிய உதவிற்று என்பதே மாறியது.

1958இல் இரு பெருங்கட்சிகளும் ஆட்சியைப் பகிர்ந்துகொள்ளும் 'தேசிய முன்னணி' ஏற்பாடு நடைமுறைக்கு வந்தபோது போராளிகளுக்குப் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது. பின்னாளில் 'பார்க்' என்னும் கொலம்பியப் புரட்சிகர ஆயுதப்படையின் தலைவரான மனுவேல் மருலாந்தா, அந்த இடைக்காலத்தில் இதே வட்டாரத்தில் அரசின் சாலைப்பணிக் கண்காணிப்பாளராக வேலை பார்த்தார் என்பது பலரும் மறந்துவிடும் செய்தி. 1960 ஜனவரியில் அவருடைய தோழரும் கம்யூனிஸ்ட் தலைவருமான ஹக்கோபோ பிரியாஸ் அலாப்பே கைத்தானியாவில் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் பிளனாதாஸ் பகுதியின் 'தூயோர்' அணியினர். மருலாந்தா சாலைப்பணியைக் கைவிட்டு மீண்டும் ஆயுதம் ஏந்தினார்.

அதன்பின் இப்பகுதிக்கு இன்னொரு பெயர் வந்தது. கம்யூனிஸ்ட் குடியானவர்கள் தங்கியிருந்த மார்க்கெத்தாலியா போன்ற இடங்களைக் கன்சர்வேடிவ் செனட்டர் ஆல்வரோ கோமெஸ் உர்தாதோ 1961இல் 'சுதந்திரக் குடியரசுகள்' என்று கண்டித்தார். நாட்டுக்குள் நாடு இருக்கிறது என்னும் குற்றச்சாட்டு அப்பெயரிலேயே அடங்கியிருந்தது. அமெரிக்க இராணுவ ஆலோசனையோடு வகுக்கப்பட்ட 'லாஸோ' திட்டத்தின்படி 1964 மே மாதம் மார்க்கெத்தாலியாவின்மீது படையெடுப்புத் தொடங்கிற்று. இராணுவம் இடத்தைக் கைப்பற்றியது, மக்கள் சிதறினர், தப்பியோர் 'பார்க்' இயக்கத்தை உருவாக்கினர். அந்த மே மாதத்தையே இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொண்டது. அரை நூற்றாண்டுப் போரின் தொடக்கப்புள்ளி இன்றைய பிளனாதாஸ் நகராட்சியின் எல்லைக்குள் இருக்கிறது.

இக்காலம் முழுவதும் இம்மலைகளில் காப்பி விளைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது 'கைத்தானியாக் காப்பி'யாக எங்கும் போகவில்லை. 1927இல் மெதெயீன் நகரில் நிறுவப்பட்ட தேசியக் காப்பி விவசாயிகள் கூட்டமைப்பு, நாடெங்கும் கொள்முதல் நிலையங்களை ஏற்படுத்தி, குறைந்தபட்ச உறுதிவிலையில் எவருடைய காப்பியையும் வாங்கும் முறையைப் படிப்படியாக வளர்த்தெடுத்தது. வாங்கியது அனைத்தும் ஒன்றாய்க் கலந்து, 70 கிலோ மூட்டைகளில், 'மென்மையான கொலம்பியக் காப்பி' என்னும் ஒரே வணிகப்பெயரில் கப்பலேறிற்று. 1950களின் இறுதியில் ஒரு நியூயார்க் விளம்பர நிறுவனம் கூட்டமைப்புக்காக ஹுவான் வால்தெஸ் என்னும் கற்பனை விவசாயியைப் படைத்தது. தோளில் போர்வையும் பக்கத்தில் கோவேறு கழுதையுமாய் நின்ற அந்த ஒருவருக்குத்தான் உலகச் சந்தையில் பெயர் இருந்தது. அவர் முகத்தின் பின்னே இருந்த லட்சக்கணக்கான உண்மையான குடும்பங்களுக்குப் பெயரில்லை.

இப்பெயரின்மையைச் சுரண்டல் என்று மட்டும் கூறிக் கடந்துவிடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. அதற்கு ஒரு காப்புப் பணி இருந்தது. பெயரில்லாததால்தான் உறுதிவிலை எல்லோருக்கும் பொதுவாக இருக்க முடிந்தது. ஏற்றுமதியிலிருந்து பிடித்த வரி 1940இல் தேசியக் காப்பி நிதியாகத் திரண்டு, கொள்முதலுக்கும் ஊரகச் சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் செலவிடப்பட்டது. 1938இல் தொடங்கிய 'செனிகாஃபே' ஆய்வு நிலையம், 1983இல் கொலம்பியாவை எட்டிய இலைத்துரு நோயைத் தாங்கும் 'கொலம்பியா' ரகத்தை அதற்கு முந்தைய ஆண்டே வெளியிட ஆயத்தமாக இருந்தது. எந்தத் தனித் தோட்டமும் தன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்க இயலாது.

இக்காப்புக்குப் பன்னாட்டுத் தளத்திலும் ஒரு தூண் இருந்தது. 1962இன் சர்வதேசக் காப்பி ஒப்பந்தம் ஒவ்வொரு நாட்டின் ஏற்றுமதிக்கும் பங்களவு வகுத்து விலையைத் தாங்கிப் பிடித்தது. காப்பியை அதிகம் குடிக்கும் நாடான அமெரிக்கா, விலையை உயர்த்தும் ஓர் ஒப்பந்தத்தில் சேர்ந்தது ஏன்? கியூபப் புரட்சிக்குப் பின், காப்பி விலை வீழ்ந்தால் இலத்தீன் அமெரிக்கக் குடியானவர்கள் கம்யூனிசத்தின் பக்கம் சாய்வர் என்னும் அச்சமே முதன்மையான காரணம். 1962இன் காப்பி ஒப்பந்தத்தையும் 1964இன் மார்க்கெத்தாலியாப் படையெடுப்பையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பனிப்போரின் இரு கைகள். ஒரு கை தென்தொலிமா விவசாயியின் காப்பிக்கு விலை கொடுத்தது; மறு கை அவருடைய அண்டை வீட்டாரின்மீது குண்டு வீசிற்று.

பனிப்போர் தணிந்தபோது ஒப்பந்தமும் தளர்ந்தது. 1989 ஜூலையில் பங்களவு முறை முறிந்தது. பவுண்டுக்கு ஏறத்தாழ 1.20 டாலராக இருந்த விலை சில மாதங்களில் கிட்டத்தட்ட பாதியாயிற்று. 2001, 2002 ஆண்டுகளில் 50 சென்ட்டுக்கும் கீழே போயிற்று. இம்முறிவு கொலம்பியாவோடு நிற்கவில்லை. இந்தியாவிலும் விளைச்சல் முழுவதையும் காப்பி வாரியம் திரட்டி விற்ற பொதுத்தொகுப்பு முறை 1990களில் படிப்படியாகக் கைவிடப்பட்டது. கொலம்பியக் கூட்டமைப்பு கொள்முதல் உறுதியைத் தக்கவைத்துக்கொண்டது. ஆனால் வாங்குவதை உறுதிசெய்ய முடிந்ததேயன்றி விலையை உறுதிசெய்ய இயலவில்லை. தென்தொலிமாவிலும் அண்டையிலுள்ள உய்லாவிலும், காப்பித் தோட்டங்களுக்கு மேலுள்ள குளிர்ச்சரிவுகளில் அபினிக்கான கசகசாச்செடி பரவியது இக்காலத்தில்தான்.

அதே பத்தாண்டில், வெளியுலகம் அதிகம் கவனிக்காத ஓர் ஒப்பந்தம் கைத்தானியாவில் கையெழுத்தாயிற்று. அங்கு வாழும் நாசா பழங்குடியினர், பழைய ஆவணங்களில் 'பாயெஸ்' எனக் குறிக்கப்படுபவர்கள், பல்லாண்டுகளாக 'பார்க்' இயக்கத்தோடு குருதி சிந்தி மோதிவந்தனர். இராணுவம் ஒரு காலத்தில் அவர்களுக்கு ஆயுதமும் கொடுத்திருந்தது. 1996இல் நாசா சமூகம் அரசின் துணையின்றித் தானே முன்வந்து 'பார்க்' இயக்கத்தோடு அமைதி உடன்படிக்கை செய்துகொண்டது. தங்கள் நிலம் எந்த ஆயுதப் படைக்கும் களமாகாது, தாங்கள் எவர் பக்கமும் போரிடமாட்டோம் என்பது அதன் சாரம். நாட்டின் அமைதி ஒப்பந்தத்துக்கு 20 ஆண்டுகள் முன்பே எழுந்த இவ்வுடன்படிக்கை நிலைத்து நின்றது. அறுவடைக் காலத்தில் அஞ்சாமல் மலையேறிப் பழம் பறிக்க முடிந்தால்தான் தரம் பற்றிய பேச்சே எழும்.

உயர்தரக் காப்பி என்னும் கருத்து வேறோர் இடத்தில் பிறந்தது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் காப்பி வணிகரான எர்னா நட்சன் 1974இல் ஒரு வணிக இதழுக்கு அளித்த நேர்காணலில், தனித்த நுண்ணிடச் சூழலில் விளைந்து தனிச்சுவை கொண்ட காப்பியைக் குறிக்க 'ஸ்பெஷாலிட்டி' என்னும் சொல்லைக் கையாண்டார். பின்னர் அது 100க்கு 80 மதிப்பெண் அல்லது அதற்குமேல் பெறும் காப்பி என்று அளவுகோல் பெற்றது. 1990களின் இறுதியில் சர்வதேசக் காப்பி அமைப்பும் சர்வதேச வணிக மையமும் இணைந்து நடத்திய ஒரு திட்டத்திலிருந்து 'கப் ஆஃப் எக்ஸலன்ஸ்' முளைத்தது. 1999இல் பிரேசிலில் முதல் போட்டியும் இணையவழி ஏலமும் நடந்தன. 2005இல் அது கொலம்பியாவுக்கு வந்தது. ஒப்பந்தம் முறிந்து பொதுவிலை வீழ்ந்த காலத்தில்தான் தனிப்பெயரின் விலை எழுந்தது. இந்தக் கால ஒற்றுமை தற்செயலானதன்று.

மொழியியல் நோக்கில் இங்கே ஓர் அடிப்படை மாற்றத்தைக் காணலாம். கொள்முதல் நிலையத்தின் மொழி, குற்றம் எண்ணும் மொழி. 70 கிலோ ஏற்றுமதித் தரக் காப்பி பெற எத்தனை கிலோ பார்ச்மென்ட் தேவை என்பதே விவசாயி எதிர்கொண்ட கணக்கு. 94 கிலோ அளவில் நின்றால் சரி. கூடினால் விலை குறையும். பூச்சி அரித்தது, கறுத்தது, புளித்தது, உடைந்தது என்று கழிவுக்குத்தான் சொற்கள் இருந்தன. நல்ல காப்பிக்குரிய ஒரே இலக்கணம் குற்றமின்மை. போட்டியின் மொழியோ குணம் கூறும் மொழி: மல்லிகை, ஆரஞ்சு, பழுத்த திராட்சை, நம் வெல்லத்துக்கு இணையான 'பனேலா'. இம்மொழியில் 'தூய கோப்பை' முடிவன்று, தொடக்கம்.

இம்மாற்றம் விவசாயியின் நாவையும் தொட்டது. நல்ல மணிகள் அனைத்தும் விற்பனைக்குப் போக, கழித்து ஒதுக்கிய 'பசீயா' எனப்படும் கழிவு மணிகளையே வறுத்துக் குடிப்பது பல காப்பிக் குடும்பங்களின் வழக்கம். தாம் விளைவித்ததன் சுவையைத் தாமே அறியாத நிலை அது. சங்கங்களின் வழியாகச் சுவையாய்வுப் பயிற்சி ஊர்களுக்கு வந்தபோது, தோட்டத்துக்கும் கோப்பைக்கும் இடையே அறுந்துகிடந்த அறிவு மீண்டும் இணைந்தது. எந்தச் சரிவின் பழம், எத்தனை மணிநேரப் புளிப்பு, எத்தனை நாள் உலர்த்தல் என்பன சுவையின் காரணங்களாகப் பேசப்பட்டன.

புதிய மொழிக்குப் பொருத்தமான உடல் அமைப்பு அவர்களிடம் முன்பே இருந்தது என்பதும் நோக்கத்தக்கது. கென்யாவிலும் ருவாண்டாவிலும் சிறுவிவசாயிகள் பெரும்பாலும் பழத்தைப் பொதுக் கழுவுநிலையத்தில் கொடுத்துவிடுவர். அங்கே பலருடைய பழங்கள் ஒன்றாகிவிடும். கொலம்பியாவிலோ ஒன்று, இரண்டு எக்டேர் வைத்திருக்கும் குடும்பமும் தன் வீட்டிலேயே பல்ப்பர், புளிக்கவைக்கும் தொட்டி, உலர்களம் ஆகியவற்றை வைத்திருக்கிறது. பழத்தை அன்றே தோலுரித்துப் புளிக்கவைத்துக் கழுவி உலர்த்திப் பார்ச்மென்ட்டாகவே விற்கிறது. ஆகவே ஒரு தோட்டத்தின் ஒருநாள் அறுவடையைக்கூடத் தனியே பிரித்துவைக்க இயலும். இக்கட்டமைப்பு போட்டிக்காக உருவானதன்று. பெயரற்ற காலத்தின் கொள்முதல் முறையே அதை வீடுதோறும் நிலைநிறுத்திற்று. தனிப்பெயர் பெற்ற காப்பி, பொதுப்பெயர்க் காலத்தின் கருவிகளைக் கொண்டே உருவாயிற்று.

இவ்வளவும் கூடியபின் வந்ததே 2015இன் பரிசு. அதன் பெருமை உண்மையானது. குருட்டுச் சுவையாய்வில் ஊரின் கெட்ட பெயர் நாக்கில் தட்டுவதில்லை. போர் வரைபடத்தில் சிவப்பாகக் கிடந்த ஓரிடம், தன் விளைபொருளின் குணத்தால் மட்டும் மதிப்பிடப்பட்டது. வாங்குவோர் வரத் தொடங்கினர். அண்டைத் தோட்டத்தாரும் மாதிரிகளை அனுப்பினர். 2017இல் தொலிமாக் காப்பிக்குப் புவிசார் தோற்றப்பெயர் கிடைத்தது. 2016இன் அமைதி ஒப்பந்தத்துக்குப் பின் ஆயுதத்தைக் கீழே வைத்த 'பார்க்' போராளிகளின் குடியேற்ற இடங்களுள் ஒன்று பிளனாதாஸின் எல் ஓசோவில் அமைந்தது. அவர்களுள் சிலரும் காப்பியில் ஈடுபட்டனர்.

ஆனால் பரிசின் எல்லையும் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். ஏலத்துக்குப் போவது சில மூட்டைகள். வென்ற தோட்டத்திலும் எஞ்சிய விளைச்சலில் பெரும்பகுதி வேறு விலையில் விற்கப்பட வேண்டியதே. பரிசுக்கு இரண்டாண்டுகள் முன்பு, 2013 பிப்ரவரியில், விலைவீழ்ச்சியைத் தாங்காத காப்பி விவசாயிகள் நாடெங்கும் சாலைகளை மறித்தனர். அப்போராட்டத்தின் முன்னணிக் களங்களில் தொலிமாவும் உய்லாவும் இருந்தன. அரசு மானியம் அறிவித்த பிறகே மறியல் ஓய்ந்தது. 2019இல் உலக விலை மீண்டும் பவுண்டுக்கு 1 டாலருக்குக் கீழே சரிந்தபோது, பரிசுகள் பல பெற்ற நாடு என்பதால் கொலம்பிய விவசாயிக்கு நியூயார்க் சந்தை விலக்கு அளிக்கவில்லை.

பெயரற்ற காலத்தில் ஆதாயம் பொதுவாகவும் ஆள் மறைந்தும் இருந்தது. பெயர்பெற்ற காலத்தில் ஆள் வெளிப்பட்டார். ஆனால் இடரும் அவரோடு சேர்ந்து தனியாயிற்று. மழை பிந்தினால், துருநோய் வந்தால், அடுத்த ஆண்டு மதிப்பெண் இரண்டு குறைந்தால், இழப்பு அந்த ஒரு குடும்பத்தினுடையது. ஒப்பந்தம் இருந்த காலத்துக்குத் திரும்புவது இயலாது. அதன் பின்னிருந்த பனிப்போரை எவரும் விரும்பவும் மாட்டார். ஆயினும் பரிசைச் சந்தையின் தனிச்சாதனையாகக் காட்டும் கதை, அதற்கு அடித்தளமிட்ட பொதுநிதியையும் பொது ஆய்வையும் கொள்முதல் உறுதியையும் நாசா மக்களின் உடன்படிக்கையையும் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடுகிறது. அடித்தளம் மறக்கப்பட்டால் அதைப் பேணும் செலவும் வீண்செலவாகத் தோன்றும்.

தண்டனைக் குடியிருப்பு, கைத்தானின் நினைவூர், சுதந்திரக் குடியரசு, போர்மண்டலம் என்று கைத்தானியாவுக்குப் பிறர் சூட்டிய பெயர்கள் பல. காப்பிப் பையின்மேல் அச்சிடப்படும் ஊர்ப்பெயரும் ஒருவகையில் வெளியார் சூட்டியதே; மதிப்பெண் போடுவோரும் வாங்குவோரும் தொலைவில் இருக்கின்றனர். ஆனால் முந்தைய பெயர்கள் எவற்றிலும் இல்லாத ஒன்று இதில் உண்டு. அதன் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் பெயரும் அதை உழுதவரின் பெயரும் சேர்ந்து நிற்கின்றன. முன்பு தடையை மீறி நட்ட காப்பிச்செடி நிலத்தின்மீது உரிமை கோரியதைப் போல, இப்பெயரும் விலையின்மீது ஓர் உரிமையைக் கோருகிறது. அவ்வுரிமை பரிசு பெற்ற சில மூட்டைகளோடு முடிந்துவிடுமா, அதே சரிவில் விளைந்த எஞ்சிய மூட்டைகளுக்கும் நீளுமா என்பதில்தான் கைத்தானியாவின் அடுத்த அத்தியாயம் இருக்கிறது.